சிசுவின் காவற்படை

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் பெருஞ்சாலையில், விக்கிரவாண்டியைக் கடந்ததும் முண்டியம்பாக்கத்தில் அரசாங்க மருத்துவக் கல்லூரி வைத்தியசாலை இருக்கிறது. 2010-ம் வருஷத்தில் ஏற்பட்டது. சுற்றுக் கிராமத்தார் நோயுற்ற சிசுவைத் தூக்கிக்கொண்டு ஓடிவருமிடம் அது. அவர்கள் தாமதித்து வருவதேன் என்பதைப் பற்றியே நாம் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

உதிரத்திலுள்ள வெள்ளணுக்கள் கிருமிகளை வளைத்து விழுங்கும் விந்தையை, ருஷிய சாம்ராஜ்யத்துப் பண்டிதர் மெச்னிகாவ் 1882-ல் நட்சத்திர மீனின் குஞ்சுகளிடம் கண்டறிந்தார். 1908-ல் நோபல் பரிசும் பெற்றார். பிறந்த சிசுவுக்கு இவ்வணுக்கள் எண்ணிக்கையில் குறைவல்ல. முதல் நாளில் பெரியோரினும் அதிகமாகவே இருக்கும். ஆயினும் கிருமியுள்ள இடத்தை நாடி விரையும் திறன் அவற்றுக்குக் குறைவு. எலும்பு மஜ்ஜையிலுள்ள சேமிப்போ சொற்பம்; கடும்போர் மூண்டால் விரைவில் தீர்ந்துவிடும். தாயிடமிருந்து எதிர்ப்புப் பொருள்கள் பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களிலேயே சிசுவை அடைகின்றன. குறைப்பிரசவக் குழந்தைக்கு அதுவும் போதிய அளவு கிட்டுவதில்லை.

இக்குறையை நிரப்பவே சீம்பால் சுரக்கிறது. அதில் தாயின் உயிருள்ள வெள்ளணுக்களும் எதிர்ப்புப் பொருள்களும் நிறைந்துள்ளன. அதைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சர்க்கரைத் தண்ணீரைச் சேனையென்று விரலால் தொட்டு நாவில் வைக்கிறோம்! காவலனைத் துரத்திக் கள்வனுக்குக் கதவு திறப்பதன்றி இது வேறென்ன?

சிசுவின் நோய் பெரும்பாலும் காய்ச்சலாகத் தோன்றுவதில்லை. தாமதத்துக்கு அதுவே காரணம். தேகம் சில்லிடும், பால் குடிக்க மறுக்கும், மூச்சு நிமிஷத்துக்கு 60-க்கு மேல் ஓடும். இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டுமென்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள், வண்டிக்குக் கட்டணமில்லை.