முதலாளியின் பரிவும் சிப்பந்தியின் உழைப்பும்

சிறுதொழில் என்றவுடன் முதலீடும் கடனுமே நம் நினைவுக்கு வருகின்றன. அங்கே உழைக்கும் ஐந்தாறு பேரை முதலாளி எவ்வாறு நடத்துகிறார் என்பதைப் பொருளியல் பயிலும் நண்பர்கள்கூட அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

பாலிகஞ்சிலிருந்து ராஷ்பிஹாரி அவென்யூ வழியே மேற்கே நடந்தால் லேக் மார்க்கெட் வரும். வாழையிலையும் காப்பித்தூளும் கிடைக்கும் அப்பகுதி நம் மாணவர்க்குத் தாய்வீடு போன்றது (மாதக் கடைசியில் தவிர!). அத்தகைய இடத்தில் ஒரு சிறு சிற்றுண்டிச்சாலையை எண்ணிக்கொள்வோம். பெரிய ஆலையில் ஒருவர் வராவிட்டால் மற்றொருவர் நிற்பார். இங்கோ மாவாட்டுபவர் வராவிட்டால் மறுநாள் காலை இட்லியே இல்லை! அவருடைய தாயார் நலமா, ஊருக்கு அனுப்பிய பணம் சேர்ந்ததா, தோசைக்கல்லில் நின்று தொழில் பழக அவருக்கு விருப்பம் உண்டா என்று கேட்டறிவது வெறும் தயவன்று. வியாபாரமே அதில் நிற்கிறது.

இதனை அளந்து பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஒரு லாரித் தொழிற்சாலையின் மேஸ்திரிகளைப் பற்றி பிளைஷ்மன், ஹாரிஸ் என்னும் இருவர் 1962-இல் ஆய்வு வெளியிட்டனர். பரிவு குன்றிய மேஸ்திரியின்கீழ் முறையீடுகளும் மிகுதி. வேலையை விட்டு விலகுவோரும் மிகுதி. ஆயினும் பரிவு ஓர் அளவை எட்டிய பின், அதற்கு மேல் கூடுவதால் அவை குறையவில்லை. சுவையான செய்தி இன்னொன்று: பரிவு மிக்க மேஸ்திரி வேலையில் கண்டிப்பாக இருந்தபோதும் முறையீடுகள் அவ்வளவாகப் பெருகவில்லை. பின்னர் 1985-இல் பாஸ் என்னும் அறிஞர், ஒவ்வொருவரையும் தனித்தனியே கவனித்து வளர்ப்பதைத் தலைமையின் கூறுகளுள் ஒன்றாகவே வகுத்தார்.

நம் நாட்டு உதாரணம் ஒன்று சற்றுக் கசப்பானது. 1981-இல் சென்னை கே.கே. நகரில் தோன்றிய சரவண பவன், சிப்பந்திகளின் இருப்பிடம், மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றுக்கு உதவிப் பெயர் பெற்றது. நிறுவனர் ராஜகோபாலை 'அண்ணாச்சி' என்றே அழைத்தனர். அவரே ஒரு கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றார். 2019-இல் உச்சநீதிமன்றம் அதனை உறுதி செய்தது. சோறும் வீடும் படிப்பும் ஒரே கையிலிருந்து வரும்பொழுது, அந்தக் கையை எதிர்த்து ஒரு சொல் சொல்லும் துணிவு யாருக்கு வரும்?

ஆகையால் பரிவுள்ள முதலாளி, விடுமுறையையும் முன்பணக் கணக்கையும் எழுத்திலும் வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். அப்பொழுது சிப்பந்தி பொங்கலுக்கு ஊர் போகக் கெஞ்ச வேண்டியதில்லை. ஹவுராவில் ரயிலேறிப் போவார். சொன்ன நாளில் திரும்பியும் வருவார்.