கொல்லைப்புறத்து மோட்டார்

நம் வீட்டுப் பிள்ளை ஒருவன், கொல்லையில் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு, "இதை நானே புதிதாகக் கட்டப் போகிறேன்" என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்? தாயார், சட்டையில் படியும் எண்ணெய்க் கறையை நினைத்துக் கவலைப்படுவாள். தகப்பனார் செலவுக் கணக்கைக் கேட்பார். பாட்டி மட்டும், "கட்டட்டுமே! நம் ஊர் ஆசாரி வில்வண்டி கட்டவில்லையா?" என்பாள். நாம் பாட்டியின் கட்சி. அதற்குக் காரணம் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

அமெரிக்காவில் இந்த வேலைக்கு 'ஹாட் ராட்' என்று தனிப் பெயரே உண்டு. 1930-களில் தென் கலிபோர்னியாவைச் சேர்ந்த இளைஞர்கள், கையில் பணமில்லாத குறையைக் கைத்திறமையால் தீர்த்துக்கொண்டார்கள். பழைய போர்டு கார் ஒன்றைச் சொற்ப விலைக்கு வாங்குவார்கள். பாரமான பாகங்களைக் கழற்றி எறிவார்கள். 1932-ல் போர்டு கம்பெனி வெளியிட்ட எட்டு சிலிண்டர் எஞ்சினைப் போன்ற வலுவான எஞ்சினை அதில் பொருத்துவார்கள். பிறகு நீர் வற்றிய ஏரிப் படுகைகளில் ஓட்டி, யார் வண்டி முந்துகிறது என்று பார்ப்பார்கள். இப்பந்தயங்களை ஒழுங்குபடுத்த 1937-ல் ஒரு சங்கமும் தோன்றிற்று.

இப்படிக் குடும்பத்துக்கு ஏற்ற 'ஸ்டேஷன் வாகன்' கட்டுவோரும் உண்டு. பெயரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. ரயிலடியில் வந்து இறங்கும் பிரயாணிகளையும் அவர்களுடைய மூட்டை முடிச்சுகளையும் வீட்டுக்குக் கொண்டு சேர்ப்பதற்காக ஏற்பட்ட வண்டி அது. கும்பகோணம் ரயிலடியில் ஒரு காலத்தில் நம் தாத்தாக்களுக்காகக் காத்து நின்ற ஜட்காவும், அமெரிக்காவின் ஸ்டேஷன் வாகனும் ஒரே தொழிலைச் செய்தவை. மோட்டார் யுகம் பிறந்த பின்னரும் அந்த வண்டியின் உடல் நெடுங்காலம் மரத்தாலேயே இருந்தது. போர்டு கம்பெனி 1929-ல்தான் அதைத் தன் வண்டிகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. அதற்கு முன், அடிச்சட்டமும் எஞ்சினும் தொழிற்சாலையிலிருந்து வரும். அதன் மேல் உட்காரும் கூட்டை வெளியிலுள்ள வண்டிப் பட்டறைகள் கட்டிக் கொடுக்கும்.

இந்த ஏற்பாடு காவேரிக் கரையிலுள்ளவர்களுக்குப் புதிதன்று. பழைய தஞ்சை ஜில்லாவில் வில்வண்டி கட்டியவர்களை நினைத்துப் பாருங்கள். நடுவே குடம், குடத்தில் ஏறும் ஆரக்கால்கள், ஆரக்கால்களைச் சுற்றி வளையும் வட்டை. வட்டையின் சுற்றளவைவிடச் சற்றே குறைவாக இரும்புப் பட்டாவை அடித்து, எருமுட்டை நெருப்பில் சிவக்கக் காய்ச்சுவார்கள். காய்ந்த இரும்பு விரியும். அந்த நேரம் பார்த்து வட்டையின் மேல் ஏற்றித் தண்ணீர் விட்டால், பட்டா சுருங்கி மரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆணி வேண்டாம், பசை வேண்டாம். இரும்பு விரிவதையும் சுருங்குவதையும் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படிக்காத கொல்லர், அதைக் கை வழக்கமாகவே வைத்திருந்தார். வண்டிக்குப் பெயர் கொடுத்த அந்த 'வில்' என்ன? ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள்தாம். நெல் மூட்டை ஏற்றிச் செல்லும் லாரியின் அடியில் குனிந்து பார்த்தால் அதே வில்லை இன்றும் காணலாம்.

ஆகவே மோட்டார் வந்தபோது நம் தொழிலாளிகள் திகைத்து நிற்கவில்லை. சென்னையில் 1840-ல் ஏற்பட்ட ஸிம்ப்ஸன் கம்பெனி, குதிரை வண்டிகள் கட்டிப் பெயர் பெற்றது. அங்கேதான் 1903-ல் ஸாமுவேல் ஜான் கிரீன் என்பவர் ஒரு நீராவி மோட்டாரைக் கட்டிச் சென்னைத் தெருக்களில் ஓட்டினார். திருக்குறுங்குடியில் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1910-களில் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். அக்காலத்து பஸ் என்பது கப்பலில் வந்த அடிச்சட்டத்தின் மேல் இங்கே கட்டிய மரக்கூடுதான். எஞ்சின் சீமையிலிருந்து வந்தது. பலகையும் இருக்கையும் கூரையும் நம் தச்சர் கைப்பட்டவை. இன்றும் கரூரில் நடக்கும் பஸ் கூண்டு கட்டும் தொழில் அந்த வழக்கத்தின் வாரிசேயாகும்.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தது. நம் பஸ்கள் நின்றுவிட்டனவா? இல்லை. பின்புறத்தில் உயரமான இரும்பு உருளையொன்றைச் சுமந்துகொண்டு ஓடின. அதில் அடுப்புக்கரியைப் போட்டுப் போதிய காற்று இல்லாமல் எரித்தால், எரியக்கூடிய ஒரு வாயு பிறக்கும். சாம்பலையும் தூசியையும் வடிகட்டி, அவ்வாயுவை எஞ்சினுக்குள் செலுத்தினார்கள். பெட்ரோல் தரும் பலம் அதில் கிடைக்காது. மேட்டைக் கண்டால் வண்டி மூச்சு வாங்கும். ஓட்டுபவர் புறப்படுவதற்கு வெகு நேரம் முன்பே எழுந்து அடுப்பு மூட்ட வேண்டும். வாயுவோ விஷ வாயு. ஆயினும் சந்தைக்கும் கோர்ட்டுக்கும் கல்யாணத்துக்கும் ஜனங்கள் போய்ச் சேர்ந்தார்கள். சுந்தரம் ஐயங்காருடைய நிறுவனமே இக்கருவியைத் தயாரித்தது. வெளியூர்ச் சரக்கு வராதபோது உள்ளூர்ப் பட்டறை எவ்வளவு பெரிய சொத்து என்பதைத் தென்னாடு அப்போது கண்டறிந்தது.

இனி நம் வீட்டுப் பிள்ளையின் விஷயத்துக்கு வருவோம். கூடு கட்டுவது எப்படி? முதலில் அடிச்சட்டத்தைத் துருப் போகச் சுரண்டி, கீறலோ வளைவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் நீளத்துக்கு இரு மரச்சட்டங்களை வைத்து, இடையே ரப்பர்த் துண்டுகள் கொடுத்து முடுக்க வேண்டும். மேடு பள்ளங்களில் இரும்புச் சட்டம் சற்று முறுக்கிக் கொடுக்கும். இடையில் ரப்பர் இல்லாவிட்டால் அந்த முறுக்கு மரத்தின் மூட்டுகளைப் பிளந்துவிடும். மூட்டுகளில் ஆணியை மட்டும் நம்பலாகாது. ஒரு மரத்தில் துளை பொளிந்து, மற்றதன் நுனியை அதற்குத் தக்கபடி செதுக்கி இறுக்க வேண்டும். மழைநீர் தேங்கும் மூலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஐப்பசி மழை அந்த மூலையைத் தேடிக் கண்டுபிடித்துவிடும்.

எஞ்சினைப் பற்றிப் பிள்ளை ஆவலோடு கேட்பான். அதற்கு முன் பிரேக்கைப் பற்றி நாம் கேட்க வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டரில் ஓடும் வண்டியை 80 கிலோமீட்டரில் ஓட்டினால், பிரேக் போட்டபின் அது ஓடி நிற்கும் தூரம் இரண்டு மடங்காவதில்லை; சுமார் நான்கு மடங்காகிறது. எஞ்சினைப் பெரிதாக்கிவிட்டு பிரேக்கைப் பழையபடி விடுவது, காட்டாற்றைத் திருப்பிவிட்டு மதகு கட்டாமல் இருப்பதற்கு ஒப்பாகும்.

டெல்டாவிலேயே இதற்குப் பெரிய சான்று இருக்கிறது. திருவாரூர் ஆழித்தேரைவிடப் பெரிய வண்டியை நம்மவர் யார் கட்டினார்கள்? 1920-களில் அத்தேர் தீக்கிரையாயிற்று. புதிய தேர் கட்டி 1930-ல் ஓடவிட்டார்கள். அலங்காரத்தோடு சுமார் 96 அடி உயரமும் சுமார் 300 டன் எடையும் உள்ள அதை முன்னெல்லாம் முட்டுக்கட்டை போட்டே நிறுத்தினார்கள். பிற்காலத்தில் திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தனர். பழைய சிற்பத்துக்கு அதனால் எந்தக் குறைவும் வரவில்லை. நிற்கத் தெரிந்த பிறகு தேரின் பெருமை கூடிற்று.

மறக்க முடியாத துயரம் ஒன்றையும் சொல்ல வேண்டும். தஞ்சைக்கு அருகிலுள்ள களிமேட்டில் 2022 ஏப்ரல் 27-ஆம் தேதி, தேர் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் மாண்டார்கள். வண்டியை அளந்தால் மட்டும் போதாது. அது போகும் சாலையையும் மேலே செல்லும் கம்பியையும் அளக்க வேண்டும் என்பதை அந்த ஊர் மிகக் கொடிய விலை கொடுத்துக் கற்றது.

ஆதலால் சட்டம் கண்டிப்பாக இருப்பதில் வியப்பில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரித்தவர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. சுப்ரீம் கோர்ட்டும் 2019-ல் அதை உறுதிப்படுத்தியது. மாற்றுத் திறனாளிகளுக்காகச் செய்யும் மாற்றம் போன்ற சிலவற்றுக்கு இடமுண்டு. 2021-ல் வந்த விதிகள் 50 வயது கடந்த புராதன வண்டிகளுக்குத் தனிப் பதிவு எண் தருகின்றன. ஆனால் அவை ஆதி உருவத்திலேயே இருக்க வேண்டும். அடிச்சட்டத்தையோ கூட்டையோ எஞ்சினையோ பெரிதும் மாற்றியவற்றுக்கு அந்தப் பேறு இல்லை. கலிபோர்னியா இளைஞன் கட்டிய வண்டி தஞ்சாவூர்ச் சாலையில் ஓட முடியாது.

அப்படியானால் பிள்ளையின் கனவைக் கலைத்துவிடலாமா? கூடாது என்பதே நம் அபிப்பிராயம். அவன் பழைய வண்டியை அதன் ஆதி உருவத்துக்கே மீட்கட்டும். அதற்கும் அதே உளி, அதே கண், அதே பொறுமைதான் வேண்டும். ஊரில் வயதான தச்சரோ கொல்லரோ இருந்தால் அவரை அழைத்து வந்து திண்ணையில் உட்கார வைத்து, அவர் சொல்லப் பிள்ளை செய்யட்டும். வில்வண்டிகள் அருகிப்போய்விட்டன, அவற்றைக் கட்டத் தெரிந்த கைகளும் குறைந்து வருகின்றன. அந்த வித்தை நம் வீட்டுக் கொல்லையிலாவது இன்னொரு தலைமுறை தங்கினால் நல்லது. எண்ணெய்க் கறையைச் சீயக்காய் போட்டுத் துவைத்துக்கொள்ளலாம்.