சங்கின் ஓசை உதட்டில் பிறக்கிறது

2007இல் படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது அம்மம்மா இறந்தார். சேமக்கலமும் இல்லை, சங்கும் இல்லை. சத்தமில்லாமல் அடக்கம் செய்தோம். அண்மையில் எங்கள் ஊர்ச் சாவீடு ஒன்றில் சங்கு ஒலித்தபோது, அந்த ஓசை எப்படிப் பிறக்கிறது என்று தேடத் தொடங்கினேன்.

ஒலியியலில் சங்கும் ட்ரம்பெட்டும் ஒரே குடும்பம். ஓசை பிறப்பது பித்தளையிலோ ஓட்டிலோ அல்ல, உதட்டில். இறுக்கிய உதடுகளை மூச்சு தள்ளித் திறக்கிறது; அவை உடனே மூடுகின்றன. நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை இது நடக்கிறது. இந்தத் துடிப்பு உள்ளே இருக்கும் காற்றில் அலையாகப் பரவுகிறது. விரிந்த முனையில் அலையின் ஒரு பகுதி வெளியேறி நம் காதுக்கு வருகிறது. மீதி திரும்பிச் சென்று உதட்டின் துடிப்பை ஒழுங்குபடுத்துகிறது. குழாயின் நீளத்துக்குப் பொருந்தும் சுரங்களே நிலைக்கும். ட்ரம்பெட்டின் மூன்று வால்வுகள் அந்த நீளத்தைக் கூட்டி மற்றச் சுரங்களைத் தருகின்றன. சங்குக்கு வால்வு இல்லை. பெரும்பாலும் ஒரே சுரம்தான்.

பிரான்சின் மார்சுலாஸ் குகையில் 1931இல் கண்டெடுத்த சங்கு ஏறக்குறைய 18,000 ஆண்டுகள் பழையது. 2021இல் வெளியான ஆய்வுக்காக ஒரு கலைஞர் ஊதியபோது அது ஒலித்தது. சங்கு காத்திருக்கும், உதடு காத்திருக்காது.

“முன்பல்லு விழுந்தா உதடு நிற்காது, புள்ள” என்றார் எங்கள் ஊரில் சங்கு ஊதும் ஐயா. இப்போது பேரனுக்குப் பழக்குகிறார்.