இரும்புத் துகளும் அதன் புரத அங்கியும்



எங்கள் பரிசோதனைக் கூடத்தின் செலவுக் கணக்கில் "காந்தத் துகள் பெட்டி" என்ற வரியைக் கண்ட சபை மூப்பர் ஒருவர், "புற்றுநோயைக் காந்தத்தால் குணமாக்குகிறார்களாமே, அதுவா இது?" என்று கேட்டு எழுதியிருந்தார். அவருடைய தங்கை மகளுக்கு மார்பில் கட்டி. அதே வைத்தியத்தைச் செய்வதாகச் சொல்லி ஒருவர் பெருந்தொகை கேட்டிருக்கிறார். நிலத்தை விற்கலாமா என்று வீட்டில் பேச்சு. ஆகவே சற்று விவரமாகவே எழுதுகிறோம்.

ஓடை மணலில் காந்தத்தை இழுத்தால் கருமணல் ஒட்டிக்கொள்ளும் அல்லவா? அரூர்ப் பக்கம் தீர்த்தமலைப் பாறைகளில் இருக்கும் மேக்னடைட் என்ற இரும்புத் தாதுவும் அந்த இனம்தான். மருத்துவத்துக்கான துகளும் அதே இரும்பு ஆக்சைடு. ஆனால் ஆய்வகத்தில் செய்தது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். பத்துப் பதினைந்து நானோமீட்டருக்குச் சிறுத்துவிட்டால் இந்த இரும்புக்கு ஒரு விசேஷ குணம் வருகிறது. காந்தம் அருகில் உள்ளவரை இழுபடும். எடுத்துவிட்டால் காந்தத்தன்மை போய்விடும். கட்டிப்படாமல் மறுபடியும் கலைந்து மிதக்கும்.

ஆனால் இரத்தத்திலுள்ள ஆயிரம் பொருள்களில் எதைப் பிடிக்க வேண்டும் என்று இரும்புக்குத் தெரியாது. அந்த அறிவு அதன் மேலுள்ள புரதப் பூச்சில்தான் இருக்கிறது.

களைப்பும் கழுத்து வீக்கமுமாகப் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு தாய் வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய இரத்தத்தில் டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அளக்க வேண்டும். நானோ இரும்பை உள்ளடக்கிய நுண்மணிகளைப் பரிசோதனைக் கலவையில் சேர்க்கிறோம். அவற்றின் மேலுள்ள எதிர்ப்பொருள் என்னும் புரதம் டி.எஸ்.எச்.சை மட்டும் பற்றிக்கொள்கிறது. ஒளிதரும் இன்னொரு எதிர்ப்பொருள் அதன் மறுபக்கத்தைப் பிடிக்கிறது. வெளியே காந்தம் வைத்தால் மணிகள் ஓரமாக ஒதுங்கும். மற்றதையெல்லாம் கழுவிவிட்டு, எஞ்சிய ஒளியை இயந்திரம் அளக்கிறது. தையற்காரர் கீழே சிந்திய ஊசிகளைக் காந்தத்தால் பொறுக்குவது போலத்தான்.

பல இயந்திரங்களில் மணியின் மேல் முதலில் ஸ்ட்ரெப்டவிடின் என்ற புரதத்தைப் பூசியிருப்பார்கள். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர் தருவது இது. பயோட்டின் என்ற வைட்டமினைக் கண்டால் விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும். அதனால் எதிர்ப்பொருளில் பயோட்டினைக் கோத்துவிட்டால் அது மணியில் போய் ஒட்டிக்கொள்கிறது. இதில் ஒரு கண்ணி உண்டு. முடி உதிர்வுக்கென்று கடையில் விற்கும் பயோட்டின் மாத்திரைகள் சிலவற்றில் 10 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு நாளைக்கு நமக்குப் போதுமானது 30 மைக்ரோகிராம்! மிஞ்சியது இரத்தத்தில் சுற்றி, மணியிலுள்ள இடங்களையெல்லாம் பிடித்துக்கொள்கிறது. டி.எஸ்.எச். கழுவலோடு போய், அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். இதைக் குறித்து 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் எச்சரித்தது. மாரடைப்புப் பரிசோதனை இவ்விதம் தவறியதால் ஒருவர் மரித்ததாகவும் அறிவித்தது. அதன் பிறகு பல பரிசோதனைகளைத் திருத்திவிட்டார்கள். ஆனாலும் இரத்தம் கொடுக்குமுன் இந்த மாத்திரையைச் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். நாங்களும் இப்போது எல்லாரிடமும் கேட்கிறோம்.

இந்தப் பூச்சு 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். ஒரு கோடையில் இரவு முழுவதும் மின்சாரம் இல்லை. காலையில் சரிபார்ப்பு மாதிரியை ஓட்டினால் அளவு எங்கேயோ நின்றது. இரும்பு கெடவில்லை, காந்தம் இழுத்தது; வெந்த முட்டை வெள்ளைக்கரு போலப் புரதம்தான் உருக்குலைந்துவிட்டது. பெட்டியை வெளியே எறிந்தோம். அடுத்த வருஷம் உங்கள் காணிக்கையால் இன்வெர்ட்டர் வந்தது.

இனி மூப்பரின் கேள்வி. குழாய்க்குள் நடப்பது சரீரத்துக்குள் அவ்வளவு எளிதல்ல. நானோ துகள் இரத்தத்தில் இறங்கின மாத்திரத்தில் இரத்தப் புரதங்கள் அதன்மேல் படிந்து மூடுகின்றன. டப்ளினில் கென்னத் டாசன் குழுவினர் ஆராய்ந்த இந்தப் படிவுக்குப் புரதக் கிரீடம் என்று பெயர். தேடிப் பிடிக்கும் புரதத்தை முன்கூட்டிப் பூசி அனுப்பினாலும், இந்தக் கிரீடம் அதை மறைத்து இலக்கை இழக்கச் செய்யலாம் என்று 2013இல் அவர்கள் காட்டினார்கள். பெரும்பாலான துகள்களைக் கல்லீரலும் மண்ணீரலும் விழுங்கிவிடுகின்றன. ஐரோப்பாவில் மூளைக் கட்டிக்கு இரும்புத் துகள் வைத்தியம் ஒன்றுக்கு 2010இல் அனுமதி கிடைத்தது உண்மையே. அது கட்டிக்குள் நேரே ஊசி போட்டுக் காந்தப் புலத்தால் சூடாக்குவது. தானே தேடிப்போய்ப் புற்றைப் பிடிப்பதல்ல. அப்படித் தேடிப்போகும் வைத்தியம் இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது.

ஆகையால் நிலத்தை விற்க வேண்டாம், தாமதமின்றி மகளைச் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு அழைத்துப் போங்கள் என்று மூப்பருக்குப் பதில் எழுதினோம். போன வாரம் புறப்பட்டுப் போயிருக்கிறார்கள். அந்தச் சகோதரியை ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.