“தெரியவில்லை” என்று சொல்லும் துணிவு

சில ஆண்டுகளுக்கு முன்பு, நம் பங்கைச் சேர்ந்த கொத்தனார் ஒருவரைப் பார்ப்பதற்காக ஓர் அரசு மருத்துவமனைக்குச் சென்றிருந்தோம். நாற்பது வயதைக் கடந்த அவருக்கு இருதய வால்வு ஒன்று சுருங்கிப் போயிருந்தது. சிறு வயதில் வந்த காய்ச்சலும் மூட்டுவலியும் விட்டுச்சென்ற வடு அது என்று மருத்துவர்கள் கூறியிருந்தார்கள். நாம் கட்டிலருகே அமர்ந்திருந்த வேளையில், பேராசிரியை ஒருவர் ஏழெட்டு மாணவ மாணவியருடன் வார்டுக்குள் நுழைந்தார். நாம் எழுந்து விலக முற்பட்டோம். “இருங்கள், ஃபாதர்” என்று கையமர்த்தினார் அவர்.

நோயாளியிடம் அனுமதி கேட்டபின், மாணவர்கள் ஒவ்வொருவராக அவருடைய மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார்கள். “முணுமுணுப்புக் கேட்கிறதா?” என்று வினவினார் பேராசிரியை. “கேட்கிறது, மேடம்” என்று ஒருவர்பின் ஒருவராக விடையிறுத்தனர். கடைசியாக நின்ற இளைஞன் மட்டும் சற்றே தயங்கி, “எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, மேடம்” என்றான். மற்றவர்கள் மெல்லச் சிரித்தார்கள்.

பேராசிரியை சிரிக்கவில்லை. நோயாளியை இடப்பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொன்னார். ஸ்டெதஸ்கோப்பின் குழிந்த பக்கத்தை உரிய இடத்தில் மெதுவாக வைத்தார். “இப்போது கேள்” என்றார். இளைஞன் கண்களை மூடிக் கேட்டான். சிறிது நேரத்தில் அவன் முகம் மலர்ந்தது. பிறகு பேராசிரியை மற்றவர்களை நோக்கி, “துடிப்பின் எந்தக் கட்டத்தில் அந்த ஒலி வந்தது?” என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. “இவன் இன்று கேட்டுவிட்டான். நீங்கள் இனிமேல்தான் கேட்க வேண்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

அன்று நாம் கண்டது ஒரு பாடம் மட்டுமன்று. ஒரு தேர்வும் ஆகும். அதில் மதிப்பெண் இல்லை, விடைத்தாள் இல்லை. ஆயினும் ஒரு மருத்துவனுக்கு இன்றியமையாத பண்பு எது என்பதை அத்தேர்வு அளந்து காட்டிற்று.

ஏட்டிலிருந்து கட்டிலுக்கு

மருத்துவம் கற்பிக்கும் முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் என்னும் கல்வியாளர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளை நேரில் பார்வையிட்டு, 1910ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டார். பல பள்ளிகளில் ஆய்வுக்கூடம் என்பது பெயரளவில்தான் இருந்தது. நோயாளியைத் தொட்டுப் பார்க்காமலே பட்டம் பெற்றுச் சென்றவர்களும் உண்டு. அவ்வறிக்கைக்குப்பின் அத்தகைய பள்ளிகள் பல மூடப்பட்டன.

அவர் முன்மாதிரியாகக் காட்டியது பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியை. 1889ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அதன் மருத்துவமனையில் வில்லியம் ஆஸ்லர் என்னும் பேராசிரியர் மாணவர்களை வகுப்பறையிலிருந்து நோயாளியின் கட்டிலருகே அழைத்து வந்தார். பட்டம் பெற்ற இளம் மருத்துவர்கள் மருத்துவமனையிலேயே தங்கிப் பயிற்சி பெற்றனர். மேற்படிப்புப் பயிலும் மருத்துவரை ‘ரெசிடெண்ட்’, அதாவது ‘உறைபவர்’ என்று இன்றும் அழைப்பது இப்படி வந்ததே.

கற்பிக்கும் இடம் மாறியது; ஆனால் தேர்வு எளிதில் மாறவில்லை. ஒரு மாணவனுக்கு எளிய நோயாளியும் கனிவான தேர்வாளரும் வாய்ப்பார்கள். அடுத்தவனுக்குச் சிக்கலான நோயாளியும் கடுகடுத்த தேர்வாளரும் வாய்ப்பார்கள். வென்றது கல்வியா, அதிர்ஷ்டமா என்று யார் சொல்ல முடியும்? இக்குறையைப் போக்க, ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் பணியாற்றிய ரொனால்ட் ஹார்டன் 1975ஆம் ஆண்டில் புதிய முறை ஒன்றை எடுத்துரைத்தார். வரிசையாகப் பல நிலையங்கள். ஒவ்வொன்றிலும் சில நிமிடங்கள். ஒன்றில் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். மற்றொன்றில் நோயாளியிடம் வரலாறு கேட்க வேண்டும். எல்லா மாணவர்க்கும் ஒரே பணி. முன்கூட்டியே எழுதி வைத்த ஒரே அளவுகோல். இன்று இம்முறை நம் நாடு உட்படப் பல நாடுகளில் வழக்கில் உள்ளது.

ஜார்ஜ் மில்லர் என்னும் அமெரிக்க அறிஞர் 1990ஆம் ஆண்டில் இதை நான்கு படிகளாக விளக்கினார்: அறிதல், எவ்வாறு செய்வதென அறிதல், செய்து காட்டுதல், அன்றாடப் பணியில் செய்தல். எழுத்துத் தேர்வு அளப்பது கீழ்ப்படிகளைத்தான். நாம் நோயுற்றுக் கிடக்கும்போது நமக்குத் தேவைப்படுவதோ நான்காம் படி.

நம் நாட்டில் இன்று

2019ஆம் ஆண்டில் சேர்ந்த மாணவர்கள் முதற்கொண்டு, நம் நாட்டின் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டமும் இந்த வழியில் மாற்றப்பட்டுள்ளது. நான்கரை ஆண்டுப் படிப்பு, அதன்பின் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. மாணவர் கற்ற திறன்களைப் பதிவேட்டில் குறித்து, ஆசிரியரின் கையொப்பம் பெற வேண்டும். நோயாளியிடம் பேசும் முறை, அறநெறி, மனப்பாங்கு ஆகியவையும் பாடமாக்கப்பட்டுள்ளன. உடற்கூற்று அறையில் கிடத்தப்பட்டுள்ள உடலை முதல் ஆசானாக மதிக்க வேண்டும் என்பதும் அப்பாடங்களுள் ஒன்று. போற்றத்தக்க ஏற்பாடுகளே இவை.

எனினும் எந்த ஏற்பாட்டையும் வெறும் சடங்காக்கிவிட மனிதனால் இயலும். ஆசிரியர் அருகிருந்து பாராமலே கையொப்பம் இடுவாரானால், பதிவேடு நிறையும், கை பழகாது. தெரியாததை ஒப்புக்கொண்ட மாணவனை நண்பர்கள் நடுவே நாணச் செய்வாரானால், அவன் அடுத்த முறை “கேட்கிறது” என்று பொய் சொல்லக் கற்றுக்கொள்வான். தேர்வுக்கூடத்தில் சொன்ன பொய்யால் அவனுக்கு ஐந்து மதிப்பெண் கிடைக்கலாம். வார்டில் அதே பொய்க்கு விலை கொடுப்பவர் நோயாளி அன்றோ?

நள்ளிரவில் ஒரு தொலைபேசி

1984ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், லிபி சயான் என்னும் 18 வயதுக் கல்லூரி மாணவி காய்ச்சலோடு நியூயார்க் நகர மருத்துவமனை ஒன்றில் இரவில் சேர்க்கப்பட்டாள். சில மணி நேரத்தில் உயிர் பிரிந்தது. அன்றிரவு அவளைக் கவனித்தவர்கள் பயிற்சி மருத்துவர்கள். மூத்த மருத்துவர் நேரில் வந்து பார்க்கவில்லை. அம்மரணத்தை ஆராய்ந்தவர்கள் இரண்டு குறைகளைச் சுட்டிக்காட்டினார்கள்: இளம் மருத்துவர்களின் அளவிறந்த பணிநேரம், அருகிருந்து வழிகாட்டும் மூத்தவர் இல்லாமை. அதன் விளைவாக 1989ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பிட்டது. 2003ஆம் ஆண்டில் இவ்வரம்பு அமெரிக்கா முழுவதும் உள்ள பயிற்சித் திட்டங்களுக்கு விரிந்தது.

நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. ரெசிடெண்ட் மருத்துவர்களின் தொடர்பணி நாளொன்றுக்கு 12 மணி நேரத்தை வழக்கமாகத் தாண்டலாகாது என்று 1992ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு நெறிமுறை வகுத்தது. ஆயினும் ஏட்டில் உள்ள எழுத்து எல்லா வார்டுகளையும் எட்டிவிடவில்லை. நம் பங்கிலிருந்து மேற்படிப்புக்குச் சென்ற மகள் ஒருத்தி, முப்பத்தாறு மணி நேரப் பணி முடித்து ஊர் வந்தவள், ஞாயிறு பூசையில் மறையுரையின்போதே தாயின் தோளில் சாய்ந்து உறங்கிப் போனாள். தாய் அவளை எழுப்ப முயன்றார். வேண்டாம் என்று பீடத்திலிருந்தே சைகை காட்டினோம்.

பின்னர் அவளோடு உரையாடியபோது, “களைப்பைவிடக் கடினமானது ஒன்று உண்டு, ஃபாதர். இரவு மூன்று மணிக்குச் சந்தேகம் வந்தால், மூத்தவரைக் கூப்பிடலாமா, திட்டுவாரா என்று யோசிப்பதுதான்” என்றாள். அச்சொல் நம் நெஞ்சில் தைத்தது. கட்டிலருகே “கேட்கவில்லை” என்று சொன்ன மாணவனும், நள்ளிரவில் தொலைபேசியை எடுக்கும் இந்த மகளும் செய்வது ஒன்றே: தம் பெருமையைவிட நோயாளியின் உயிரைப் பெரிதாகக் கொள்கிறார்கள். அத்துணிவை வளர்ப்பதே பயிற்சி. அதனை மதிப்பதே தேர்வு. அதனை நசுக்குவது எவ்வளவு கண்டிப்பான கல்வியாயினும் ஆபத்தான கல்வியே.

நம் பங்கு

அன்பான குடும்பத்தாரே, இது கல்லூரிகளின் காரியம், நமக்கென்ன என்று இருந்துவிட வேண்டாம். மருத்துவம் பயிலும் பிள்ளை விடுமுறைக்கு வீடு வந்தால், “எத்தனை மார்க்?” என்பதுதான் பெரும்பாலும் நம் முதல் கேள்வி. “உனக்குத் தெரியாதது ஒன்றை இந்த மாதம் யாரிடம் கேட்டுக் கற்றாய்?” என்றும் கேட்டுப் பாருங்கள். அறியாமையை ஒப்புக்கொள்ளும் பழக்கம் மருத்துவக் கல்லூரியில் தொடங்குவதன்று. உடைந்த குவளையை ஒளித்து வைக்காமல் தாயிடம் கொண்டுவந்து காட்டும் வயதிலேயே அது தொடங்குகிறது. அன்று நாம் அடித்தோமா, கேட்டோமா என்பதைப் பொறுத்தே அது வளர்கிறது.

நாம் நோயாளிகளாய் இருக்கும்போதும் நமக்கொரு கடமை உண்டு. மாணவர்கள் நம்மைப் பார்க்க அனுமதி கேட்டால், மறுக்கும் உரிமை நமக்கு உண்டு, இயன்றால் இசைவோம். இளம் மருத்துவர் ஒருவர், “பெரிய டாக்டரைக் கேட்டுவிட்டு வருகிறேன்” என்றால், இவருக்கு ஒன்றும் தெரியாது என்று முகம் சுளிக்க வேண்டாம். அவ்வேளையில் நாம் நல்ல கைகளில்தான் இருக்கிறோம்.

அந்தக் கொத்தனார் பின்னர் பலூன் சிகிச்சை பெற்று, உடல் தேறி வேலைக்குத் திரும்பினார். அன்று வார்டில் மாணவர்கள் நகர்ந்தபோது, அவர் அந்த இளைஞனை மட்டும் கையால் அழைத்து, “தம்பி, இன்னொரு தடவை வேணும்னாலும் கேட்டுக்கோ” என்று சட்டையை விலக்கிக் காட்டியதை நாம் மறக்கவில்லை. அவரிடம் அதைப்பற்றி ஒருநாள் கேட்டோம். கரணையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “சுவர் கோணலா இருக்குன்னு ஒத்துக்கிறவன்தான் சாமி, பிரிச்சுக் கட்டுவான்.”