கதவோரத்தில் ஒரு பிறப்புச் சான்று
ஃபோர்டு மஸ்டாங், 1965 மாடல்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், விளிம்பில் ரிவிட் அடித்த சிறு உலோகத் தகடு தெரியும். அதில் ‘டிரான்ஸ்’ என்ற இடத்தில் உள்ள ஒற்றை எண்ணைத் தேடுங்கள். ஆலையை விட்டு வெளியே வந்த நாளில் இந்தக் காருக்குள் எந்தக் கியர்பாக்ஸ் இருந்தது என்பதை அது சொல்லும்: 1 என்றால் மூன்று கியர் மேனுவல், 5 என்றால் நான்கு கியர் மேனுவல், 6 என்றால் சி4 ஆட்டோமேட்டிக்.

அதே தகட்டில் உள்ள வண்டி எண்ணின் இரண்டாம் இடத்து எழுத்து ஆலையைக் குறிக்கும்: எஃப் டியர்பார்ன், ஆர் சான் ஹோசே, டி மெட்டச்சன்.

ஐந்தாம் இடம் எஞ்சினுக்கு உரியது. அங்கே ‘கே’ இருந்தால் 271 குதிரைத்திறன் எஞ்சின். பழைய கார் பிரியர்கள் உயிரை விடும் எழுத்து அது. 1965இல் அந்த எஞ்சினோடு நான்கு கியர் மேனுவல் மட்டுமே வந்தது. ஆட்டோமேட்டிக் கிடைத்தது 1966இல்தான். ஆகவே 1965 தகட்டில் ‘கே’யும் 6உம் சேர்ந்து நின்றால், தகட்டையே சந்தேகிக்க வேண்டும்.

கதவை மாற்றினால் தகடும் போய்விடும். புதிதாக அச்சடித்த தகடுகளும் விலைக்குக் கிடைக்கின்றன. பானெட்டின் கீழே, இடப்பக்க உள் மட்கார்டில் பொறித்த வண்டி எண்ணோடு ஒப்பிட்டால் தகடு இந்தக் காருடையதா என்று தெரியும். ஆனால் அந்த எண்ணில் கியர் குறி கிடையாது.