பழுது வேறு, பழமை வேறு!

பிரஷர் குக்கரின் கேஸ்கட் தளர்ந்துவிட்டால் குக்கரையே மாற்ற வேண்டும் என்று நம் வீடுகளில் யாரும் நினைப்பதில்லை. எந்த நிறுவனம், எத்தனை லிட்டர் என்று சொன்னால் தெருமுனைப் பாத்திரக் கடையிலேயே வேறு கேஸ்கட் கிடைத்துவிடும். மிக்ஸி ஜாரின் பிளேடும், கிரைண்டரின் பெல்ட்டும் அப்படியே. ஆனால், அதே வீட்டில் இருக்கும் வேக்குவம் கிளீனரின் குழாயில் ஒரு விரிசல் விழுந்தால், "இந்த மாடல் இப்போது வருவதில்லை; புதிதாக வாங்கிவிடுங்கள்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது.

கடந்த ஆண்டு அந்தப் பதிலை நானும் கேட்டேன். எங்கள் வீட்டுத் தூசு உறிஞ்சி 2006-இல் வாங்கியது. ஆடம்பரத்துக்காக வாங்கியதன்று. என் தாயாருக்கு மூச்சிரைப்பு உண்டு. துடைப்பம் எடுத்தாலே அவர் அடுத்த அறைக்குச் சென்று கதவைச் சாத்திக்கொள்வார். அந்தக் கதவைத் திறந்து வைப்பதற்காகவே அதை வாங்கினோம். இந்தக் கருவியின் வரலாற்றிலும் மூச்சிரைப்புக்கு ஓர் இடம் உண்டு. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், ஆஸ்துமாவால் அவதியுற்ற ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்லர் என்ற துப்புரவுப் பணியாளர், மின்விசிறியின் மோட்டாரையும் தலையணை உறையையும் இணைத்துத் தமக்கென ஒன்றைச் செய்துகொண்டார். 1908-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

அந்தத் தலையணை உறையை மனதில் கொண்டால் கருவியின் இயக்கம் எளிதில் புரிந்துவிடும். உள்ளே ஒரு விசிறி காற்றை இழுக்கிறது. வழியில் ஒரு பை தூசைப் பிடித்துக்கொள்கிறது. காற்று வெளியேறிவிடுகிறது. முனையிலிருந்து மோட்டார் வரை அந்தப் பாதை எங்கும் ஒழுகக் கூடாது, எங்கும் அடைபடக் கூடாது. பழைய தூசு உறிஞ்சி "இழுக்கவில்லை" என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றுதான் நடந்திருக்கும். மோட்டார் நன்றாகவே இருக்கும்.

எனவே, கடைக்குச் செல்லும் முன் எது கெட்டிருக்கிறது என்பதை அறிய வேண்டும். அதற்கு உள்ளங்கை போதும். குழாயைக் கழற்றிவிட்டு, இயந்திரத்தின் வாயைச் சில விநாடிகள் மட்டும் கையால் மூடிப் பாருங்கள். மோட்டாரின் ஒலி சட்டென உயர்ந்தால், மூடியும் அதன் ரப்பர் விளிம்பும் காற்றுப் புகாமல் இருக்கின்றன என்று பொருள். பிறகு குழாயைப் பொருத்தி, அதன் மறுமுனையை மூடுங்கள். இப்போது ஒலி உயரவில்லை என்றால் குழாயில்தான் ஒழுக்கு. எதையும் மூடாதபோதே ஒலி உச்சத்தில் இருந்தால், பை நிறைந்திருக்கும். அல்லது வடிகட்டியோ குழாயோ அடைபட்டிருக்கும்.

எங்கள் கருவியில் குழாய்தான் குற்றவாளி. கைப்பிடிக்கு அருகே, அடிக்கடி வளையும் இடத்தில் விரிசல். அந்த மாடலுக்குரிய குழாய் எங்கும் கிடைக்கவில்லை. ஆனால், பல குழாய்களின் முனைகள் திருகுமரை போலச் சுழற்றி ஏற்றப்பட்டவை என்பதை ஒரு பழுதுநீக்குநர் காட்டித் தந்தார். கைப்பிடியைத் திருகிக் கழற்றினோம். விரிசல் விழுந்த 15 சென்டிமீட்டரை வெட்டி எறிந்துவிட்டு, கைப்பிடியைத் திரும்பவும் திருகி ஏற்றினோம். குழாய் சற்றுக் குட்டையானது, செலவு எதுவுமில்லை. குழாய் முழுதும் இற்றுப்போயிருந்தாலும், பழைய முனைகளைக் காப்பாற்றி வைத்துக்கொண்டு நடுக்குழாயை மட்டும் மாற்ற முடியும். இயந்திரத்துடன் இணையும் முனையைத்தான் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வடிவமைக்கிறது. அதைத் தொலைத்துவிட்டால் மீட்பது கடினம்.

மறுமுனையில் பொருத்தும் துணைக்கருவிகளின் கதை வேறு. அவற்றில் பெருவழக்கான விட்டங்கள் இரண்டு: 32 மில்லிமீட்டர், 35 மில்லிமீட்டர். துணைக்கருவி நீள்குழாயின் மேல் செருகப்படுவதாக இருந்தால், குழாயின் வெளிவிட்டத்தையும் துணைக்கருவியின் உள்விட்டத்தையும் அளக்க வேண்டும். முனைகள் சற்றே கூம்பியிருப்பதால் எந்த இடத்தில் அளக்கிறோம் என்பதும் முக்கியம். "எல்லா மாடலுக்கும் பொருந்தும்" என்ற அட்டைப்பெட்டி வாசகத்தைவிட ஒரு வெர்னியர் காலிப்பர் நம்பகமானது. 32-ஐ 35 ஆக்கும் சிறு இணைப்பு வளையங்களும் விற்பனைக்கு உண்டு. பொத்தான் அழுத்திப் பூட்டும் வகையா, வெறுமனே செருகும் வகையா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்தத் துணைக்கருவி தேவை என்பதை நம் வீட்டுத் தரைதான் முடிவு செய்ய வேண்டும். சுழலும் தூரிகை கொண்ட முனை தரைவிரிப்புகளுக்கானது. மொசைக், டைல்ஸ், கிரானைட் தரையில் அது மணலை உறிஞ்சுவதைவிடச் சிதறடிக்கவே செய்யும். நமக்கு வேண்டியது மென்மையான மயிர்களும் ரப்பர் சக்கரங்களும் உள்ள தட்டையான முனை. பீரோவுக்குப் பின்னாலும், நகரும் ஜன்னலின் தடத்திலும் நுழைய ஒரு குறுகிய முனை; புத்தகம், கொசுவலை, மின்விசிறி இறக்கைகளுக்கு ஒரு வட்டத் தூரிகை. மெத்தைக்கு அகன்ற சிறுமுனை ஒன்று இருந்தால் நல்லது. பத்துத் துண்டுகள் கொண்ட தொகுப்பில் மீதி ஆறும் பரணுக்குத்தான் போகும். ஓர் எச்சரிக்கை: பல வீட்டுக் கருவிகளில் உறிஞ்சப்படும் காற்றே மோட்டாரையும் குளிர்விக்கிறது. குறுகிய முனையுடன் நெடுநேரம் ஓட்டினால் மோட்டார் சூடேறும்.

நான் தவறு செய்தது வடிகட்டியில். குழாயைச் செலவின்றிச் சரிசெய்த மகிழ்ச்சியில், மலிவான ஒரு மாற்று வடிகட்டியை வாங்கிப் பொருத்தினேன். உறையில் 'ஹெப்பா வகை' என்று அச்சிட்டிருந்தது. உறிஞ்சும் வேகம் நன்றாகவே இருந்தது. ஆனால், அடுத்த சில நாள்கள் வீட்டைச் சுத்தம் செய்த மாலைகளில் அம்மா இருமினார். ஓரிரவு விளக்கை அணைத்துவிட்டு, காற்று வெளியேறும் துளைகளின் எதிரே டார்ச் ஒளியைப் பாய்ச்சினேன். ஒளிக்கற்றையில் நுண்தூசு புகையாக மிதந்தது. தரையிலிருந்த தூசை அவர் மூச்சுக்கு எட்டும் உயரத்துக்கு நானே ஏற்றிக்கொண்டிருந்தேன்.

காரணம் இரண்டு. முதலாவது, 'ஹெப்பா' என்பது வேறு, 'ஹெப்பா வகை' என்பது வேறு. ஐரோப்பியத் தரநிலையின்படி எச்-13 வடிகட்டி என்றால், பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவுள்ள துகள்களிலும் 99.95 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். 'வகை' என்று ஒட்டப்பட்ட சொல் அத்தகைய உறுதி எதையும் தருவதில்லை. இரண்டாவது காரணம்தான் எனக்குப் பாடமானது. அந்த வடிகட்டியின் சட்டம் பழையதைவிட 2 மில்லிமீட்டர் மெலிந்திருந்தது. காற்று எப்போதும் எளிய வழியையே தேடும். வடிகட்டியின் ஊடே போகாமல், விளிம்பின் இடைவெளி வழியே தூசுடன் வெளியேறிவிட்டது. கேஸ்கட் சரியில்லாத குக்கரைப் போலத்தான் இதுவும். வடிகட்டித் தாளின் தரம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், விளிம்பு பொருந்தாவிட்டால் பயனில்லை. எனவே வடிகட்டி வாங்கும்போது நீளம், அகலத்துடன் தடிமனையும், ரப்பர் விளிம்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் பழையதோடு ஒப்பிட வேண்டும்.

பைகளுக்கும் இதே விதி. அட்டைக் கழுத்தின் அளவும், அதிலுள்ள துளையின் விட்டமும் பொருந்த வேண்டும். நெய்யப்படாத செயற்கை இழைப் பை, காகிதப் பையைவிட எளிதில் கிழியாது. துவைத்துப் பயன்படுத்தும் துணிப் பை சிக்கனமானதுதான். ஆனால் மூச்சுத் தொல்லை உள்ள வீட்டில் அதைத் தவிர்ப்பது நல்லது. அதை உதறும்போதே தூசு நம் மீது வந்துவிடும். கழுவலாம் என்று குறிப்பிடப்பட்ட வடிகட்டியை மட்டுமே கழுவ வேண்டும். ஒரு முழு நாளாவது உலர்த்திய பிறகே பொருத்த வேண்டும். பையோ வடிகட்டியோ இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது. அந்தத் தூசு நேராக மோட்டாருக்குள் செல்லும்.

மோட்டாரைப் பற்றிய அச்சம் பலருக்கு உண்டு. மின்கம்பி வழியே இயங்கும் பழைய தூசு உறிஞ்சிகளில் இருப்பதும், நம் மிக்ஸியில் இருப்பதும் ஒரே இனத்தைச் சேர்ந்த மோட்டார்தான். இரண்டிலும் கார்பன் பிரஷ் தேயும். தேய்ந்தால் தீப்பொறி அதிகரிக்கும், கருகிய வாடை வரும், ஓட்டம் விட்டுவிட்டு நிகழும். அகலம், தடிமன், நீளம் ஆகிய மூன்று அளவுகளும், ஸ்பிரிங் அமைப்பும் பொருந்தினால் போதும். நிறுவனத்தின் பெயர் முக்கியமன்று. எங்கள் பகுதியில் மிக்ஸி பழுதுபார்ப்பவரே பழைய பிரஷ்ஷை வைத்து அளந்து, ஒரு ஜோடியை மாற்றித் தந்தார். சரியான வடிகட்டி, பைகள் உட்பட என் மொத்தச் செலவு 2,000 ரூபாயைத் தாண்டவில்லை.

எல்லாவற்றையும் காப்பாற்றிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். மோட்டாரின் கம்பிச்சுற்று எரிந்துவிட்டாலோ, வடிகட்டி அமரும் உடற்பகுதியே வெடித்துவிட்டாலோ செலவு நியாயமாகாது. மின்வடத்தின் உறை நொறுங்கத் தொடங்கியிருந்தால், அதை மாற்றும் வரை கருவியைத் தொடவே கூடாது. புதிதாக வாங்க நேர்ந்தாலும் வாட் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம். வாட் என்பது கருவி உண்ணும் மின்சாரத்தின் அளவு. உறிஞ்சும் திறனின் அளவன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் 1,600 வாட் என்றும், 2017-இல் 900 வாட் என்றும் உச்சவரம்பைக் குறைத்தது. அங்குள்ள வீடுகள் அதனால் தூசு மண்டிப்போகவில்லை.

அதே விதிமுறை, குழாய் 40,000 முறை வளைந்து நிமிர்ந்த பிறகும் பயன்படும் நிலையில் இருக்க வேண்டும், மோட்டார் குறைந்தது 500 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றும் கூறியது. 2024-இல் அந்த ஒன்றியம் இயற்றிய பழுதுநீக்க உரிமைச் சட்டத்தின் பட்டியலிலும் தூசு உறிஞ்சி இடம்பெற்றுள்ளது. நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுநீக்க உரிமைக்காக ஒரு குழுவை அமைத்தது; அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. நல்ல தொடக்கம்தான். ஆனால், அத்தளம் தகவல் தருமே தவிர, உதிரி பாகங்களை இத்தனை ஆண்டுகள் இருப்பில் வைத்தாக வேண்டும் என்று எந்த நிறுவனத்தையும் கட்டாயப்படுத்துவதில்லை. நான் கேட்பது அதைவிடச் சிறியது. பாகத்தைத் தயாரிப்பதை நிறுத்தினாலும், அதன் அளவுகளை வெளியிடட்டும். விட்டமும் தடிமனும் தெரிந்தால், மீதியை நம் ஊர்ப் பழுதுநீக்குநர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அதுவரை நாமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கருவியின் அடியில் ஒட்டியுள்ள மாடல் எண், குழாயின் விட்டம், வடிகட்டியின் மூன்று அளவுகள், கார்பன் பிரஷ்ஷின் அளவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். எங்கள் கருவியில் அப்படி ஒரு தாள் இருக்கிறது. "இந்த மாடல் இப்போது வருவதில்லை" என்று இனி யாராவது சொன்னால், மாடலைக் கேட்கவில்லை, 35 மில்லிமீட்டரைத்தான் கேட்கிறேன் என்று பதில் சொல்லலாம்.